வடக்கே நாற்பது தப்படி

பெத்ரோஸ் ஸ்கொசானா ஓகீஸ் ஊர்ப் பக்கத்துக் கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடமாகக் கல் அடுக்குகிறவர். பூமியைத் துளைத்து உருளை உருளையாக எடுக்கும் கல்லை வரிசை மாறாமல் தட்டில் வைத்து, எத்தனை மீட்டரில் மணற்கல், எத்தனை மீட்டரில் கரி என்று அட்டையில் எழுத வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அங்கே கரி ஐந்து அடுக்கு. கீழேயிருந்து மேலே எண்ணுவார்கள். இரண்டாவதும் நான்காவதும்தான் ஊருக்குச் சோறு போடுபவை.

சுரங்கம் இதுவரை மூன்று கை மாறிவிட்டது. முதலில் லண்டன்காரர்கள். அடுத்து வந்த கூட்டாளிகள், மண்ணின் மக்களுக்கும் பங்கு உண்டு என்று கூடாரம் போட்டு, மாட்டுக்கறி விருந்து வைத்து, ஆளுக்கொரு பங்குத் தாள் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெத்ரோஸும் ஒரு சுரங்க அதிபர். மச்சான் ஜோத்தாம் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன முதலாளி, பூட்ஸ்ல ஓட்டை?" என்று விசாரிப்பான். மூன்றாவதாக வாங்கியவர்கள் யாரென்பதை வாசல் பலகை மாறியபோதுதான் அதிபர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் பழைய தட்டுகளும் அட்டைகளும் குப்பை லாரியில் ஏறிவிடும்.

புது முதலாளிகளின் வரைபடத்தில், பழைய பண்ணைக் கல்லறைகளுக்கு நேர் கீழே இரண்டாம் அடுக்கு ஆறு மீட்டர் தடிமனில் தெரிந்தது. அங்கே இருந்ததே நாலு கல்லறை. மூன்று குடும்பங்கள் கையெழுத்துப் போட்டு எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டன. மிச்சம் ஒன்று, பெத்ரோஸின் மகன் தொகொசானியுடையது. பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனவன்.

பெத்ரோஸ் சுரங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லிப் பார்த்தார். அங்கே கரி வெந்து கிடக்கிறது. ஆதியில் உருகி மேலே வந்த கருங்கல் ஒன்று சுவர் மாதிரி அடுக்கைக் குறுக்கே வெட்டி, கரியைச் சுட்டு வீணாக்கிவிட்டது. லண்டன்காரர் காலத்தில் நானே அந்தக் கல்லைத் தட்டில் வைத்தேன் என்றார். ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சுரங்கத்தோடு அதையும் நீங்கள்தானே வாங்கினீர்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அவருக்குள் ஏதோ அணைந்துபோயிற்று. கோபம்கூட வரவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவி நொம்வுசோ அன்றிலிருந்து அவரோடு சாப்பிட உட்காருவதில்லை. அதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

பெத்ரோஸின் ஜனங்கள் வழக்கத்தில் எலும்பை எடுப்பது இரண்டாவது வேலைதான். முதலில் இறந்த ஆளை அழைக்க வேண்டும். தகப்பன் இலந்தைக் கிளையைக் கல்லறைமேல் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போகிற இடத்தைச் சொல்ல வேண்டும். ஆள் கிளையில் ஏறிக்கொள்வான். போய்ச் சேரும்வரை அவனைத் தவிர வேறு யாரோடும் பேசக் கூடாது; தலையசைப்பும் பேச்சுக் கணக்குத்தான். பேசினால் அவன் வழியிலேயே இறங்கிவிடுவான். அப்புறம் எங்கே போய்த் தேடுவது? மற்றவர்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே கூட ஓர் ஆள் போவது வழக்கம். ஜோத்தாம் வண்டியோடு வந்தான்.

சனிக்கிழமை காலை பெத்ரோஸ் மண்டியிட்டார். "தம்பி, கெளம்புப்பா. ஃபோலாவுல எடம் பாத்திருக்கு. இதுதான் கடைசி. இனிமே உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க," என்றார். அழுகை வருமென்று எதிர்பார்த்தார். வரவில்லை.

வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் ரெஃபில்வே ஓடிவந்து மறித்தாள். கல்லைப் பற்றிப் படித்துவிட்டுச் சுரங்கத்தில் வேலைக்கு வந்த பெண். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். கையில் ஒரு முழம் கல் உருளை.

"அப்பா, நீங்க சொன்னதுதான் சரி. கல்லறைக்குத் தெக்க துளை போட்டேன், கரி வெந்திருக்கு. அன்னைக்கு நீங்க பாத்த துளை எந்தப் பக்கம்? வடக்கன்னா மொத்த எடமும் பாழு, வேலைய நிறுத்திடுவேன். பத்து மணிக்குக் கல்லறையத் தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க."

பெத்ரோஸ் கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"அவரு மகனக் கூட்டிட்டுப் போறாரும்மா, பேசமாட்டாரு," என்றான் ஜோத்தாம். "எனக்குக் கல்லுன்னா சோத்துல பல்லுல படறது மட்டுந்தான் தெரியும்."

அவள் அப்போதுதான் கிளையைப் பார்த்தாள். சட்டென்று விலகி, கிளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் பெத்ரோஸ் மகனுக்கு மட்டும் தகவல் சொல்லிக்கொண்டே போனார். தம்பி, பாலம் வருது. தம்பி, ரயில் பாதை. ஃபோலாவின் பொதுக் கல்லறையில் வெட்டி வைத்திருந்த குழிக்குள் இறங்கி, கிளையைத் தரையில் கிடத்தினார். "வந்துட்டோம். இனிமே இதான் உன் எடம்," என்றார்.

மேலே ஏறியதும் போன் அடித்தது. மணி பத்தாக ஐந்து நிமிடம். ரெஃபில்வே மறுபடி அதையே கேட்டாள்.

இருபத்தாறு வருடமாகக் கல்லைப் பற்றி யார் கேட்டாலும் உடனே சொல்லிப் பழகிய வாய். "வடக்க. கல்லறையிலேருந்து நாப்பது தப்படி. முப்பத்தோராவது மீட்டர்ல கருங்கல்லு," என்றார்.

அவள் யாரையோ கூப்பிட்டு நிறுத்தச் சொல்வது கேட்டது. "நிறுத்தியாச்சுப்பா," என்றாள். கரி இல்லாத இடத்தில் கல்லறை மாற்ற சுரங்கத்துக்கு இனி அவசியமில்லை, அனுமதியும் ரத்தாகிவிடும், உங்கள் பையனை யாரும் தொட மாட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஜோத்தாமுக்குத்தான் முதலில் புரிந்தது. "மச்சான், ஒடம்பு அங்க, ஆளு இங்கயா?" பிறகு அவனே, கிளையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் அங்கேயே விட்டுவிடலாம் என்றான்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? கடைசின்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்," என்றார் பெத்ரோஸ். "நாலாவதா ஒருத்தன் வாங்குவான். இந்தப் பொண்ணு எழுதினதும் லாரியில போயிடும். மறுபடி எழுப்புவாங்க."

கல்லறைக் காவல்காரர் அருகே வந்தார். பெட்டி எதுவும் வரவில்லையென்றால் குழியை மதியம் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம், காலியாகத்தானே இருக்கிறது என்றார்.

பெத்ரோஸ் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார்.

"காலியா இல்ல. எம் மகன் இருக்கான்," என்று சொல்லிவிட்டு, முதல் மண்ணைத் தள்ளினார்.