உட்கார்ந்து வாசிக்கிற நைனா

1. மொட்டை மாடியில் முதல் நாள்

முதல் ஷாட்டிலேயே வயலின் தோளிலிருந்து வழுக்கிவிட்டது. துப்பட்டாவில் சிக்கியதால் தரையில் விழவில்லை. "கட்" என்றார் டைரக்டர் மல்ஹோத்ரா. மறுபடி நின்றேன், மறுபடி வழுக்கியது. மூன்றாவது முறை அவர் "கட்" சொல்லவே இல்லை. மானிட்டரை விட்டு எழுந்து நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"ஆடிஷன்ல வயலின் வாசிப்பேன்னு சொன்னியே?"

"வாசிப்பேன் சார்."

"எங்க வாசிக்கிற? விட்டுட்டேல்ல இருக்க!"

செட்டில் எல்லோரும் பேசியது இந்தி. உங்கள் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நான் ஆடிஷனில் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவள். டெல்லியில் நவராத்திரிக்கு என் வயலின் இல்லாத தமிழ்க் கோவில் குறைவு. ஆனால் நாங்கள் வாசிப்பதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான். வயலினின் தலை வலது பாதத்தின் மேல் ஊன்றியிருக்கும், அடிப்பாகம் இடது தோளில் சாய்ந்திருக்கும். இடது கைக்கு வயலினைத் தாங்கும் வேலையே கிடையாது, அது இஷ்டத்துக்கு மேலும் கீழும் போய் வரும். நின்றுகொண்டு அதே கையை அப்படி ஓட்டினால் வயலினும் கூடவே வந்துவிடும். ஆடிஷனில் "வயலின் வருமா?" என்றார்கள், "வரும்" என்றேன். உட்கார்ந்தா நின்றா என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"சார், நான் உக்காந்துதான் வாசிப்பேன்" என்றேன்.

லைட்மேன்கள் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. "இது பஜனையா? மாடி, காத்து, பறக்கிற துப்பட்டா, நிக்கிற பொண்ணு. இதுதான் ஷாட். நாளைக்குக் காலைல வா. முடியலைன்னா கைக்கு டூப் போட்டுக்கிறேன்."

டூப் போட்டால் போகட்டுமே என்று நினைத்தேன். அசிஸ்டென்ட் டைரக்டர் ரித்திகா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தை விளக்கினாள். வயலினுக்காகத்தான் என்னை எடுத்தார்கள். கைக்கு வேறு ஆள் என்றால், முகத்துக்கு மட்டும் நான் எதற்கு? சீரியலில் நான் நடிக்கும் நைனா பாத்திரத்தின் டிராக்கை அந்த வாரத்தோடு மூடிவிடுவார்கள்.

"படிக்கறதுக்குன்னு கனடா அனுப்பிடுவாங்க. நம்ம சீரியல்ல கனடா போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல" என்றாள்.

2. இரும்பு பீரோவின் முன்னால்

கித்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு அழுதுகொண்டேதான் வந்தேன். மோதி பாகில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர் வேலை தேடி வந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த சீரியலுக்குப் போயிருந்தேன். வீட்டில் அதற்காக நடந்த சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முதல் நாளே தோற்று வந்தால் என்ன முகத்தோடு உள்ளே நுழைவது?

அம்மாவுக்கு ஊர் திருநெல்வேலி. டெல்லிக்கு வந்து முப்பது வருஷமாகியும் காய் விற்கும் சப்ஜிக்காரனிடம்கூட அவள் பேசுவது பாதி திருநெல்வேலித் தமிழ்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு துண்டை மடித்து என் குர்தாவுக்குள் தோளில் வைத்து நாலு ஊக்கு குத்தினாள்.

"இப்ப நில்லு பாப்போம்."

பீரோ கண்ணாடி முன்னால் நின்று வாசித்தேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நின்றேன். ஒருவழியாக வயலின் விழாமல் நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"விழல. ஆனா நீ வாசிக்க மாதிரியே இல்லட்டி. கூட்டமா இருக்க பஸ்ஸுல கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்க மாதிரி இருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான். தாடை இறுகி, கண் இரண்டும் வயலினையே முறைத்துக்கொண்டிருந்தன. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சோகமாக எப்படி நடிப்பது?

அம்மா என் தோளிலிருந்து ஊக்குகளைக் கழற்றினாள். பிறகு மெதுவாக, "அந்த டீச்சர் வேலைக்கு இன்னும் ஆள் எடுத்திருக்க மாட்டாங்கல்லா? ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

3. என் வளையல்களும் பாண்டே ஜியும்

மறுநாள் காலை என் சொந்த வயலினையும் எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சாபி பாகில் ஷூட்டிங்குக்காக வாடகைக்கு எடுத்த வீடு அது. ஆட்டோவை விட்டு இறங்கி நிமிர்ந்தால், மொட்டை மாடியில் நிற்கும் லைட்மேன் தெருவிலிருந்தே தெரிந்தான். இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவர்தான். அவன் பீடி பற்றவைப்பதுகூடத் தெரிந்தது. கேட்டிலேயே நின்று, பையிலிருந்த சீன் பேப்பரை எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

மேலே போனால் டூப் ஏற்கெனவே வந்து தயாராக உட்கார்ந்திருந்தார். பாண்டே ஜி, கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பவர். பெரிய மீசை. கை ரோமத்தை முழங்கை வரை மழித்து, நகத்துக்குச் சாயம் பூசி, முந்தின நாள் ஷாட்டில் நான் போட்டிருந்த வளையல்களையும் மாட்டிவிட்டிருந்தார்கள். டீ கிளாஸைச் சுண்டு விரல் தூக்கிப் பிடித்திருந்தார். என் வேலை போகப்போகிறதே என்ற பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"என்ன, நிக்க வந்திடுச்சா?" என்றார் டைரக்டர்.

"நிக்க வந்திடுச்சு சார். ஆனா ஒரு சந்தேகம். வாசிக்கக் கூடாதுன்னு நைனாவோட அப்பா சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாம மாடிக்கு வந்து வாசிக்கிறா. அதான சீன்?"

"ஆமா."

"இங்க நின்னா தெருவுக்கே தெரியுது சார். இப்ப கீழேருந்து பாத்துட்டுதான் வரேன். ஒளிஞ்சு வாசிக்கிறவ சுவத்துக்கு மேல தலையத் தூக்குவாளா? சுவரோரமா உக்காந்துதானே வாசிப்பா?"

அவர் சுவர் அருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தார். ரித்திகாவைத் தெருவுக்கு அனுப்பி, அவரே சுவரோரம் நின்றும் உட்கார்ந்தும் காட்டி, "தெரியுதா?" என்று போனில் கேட்டார்.

"கேமராவை இறக்கு" என்றார் கடைசியில். "ஒரே டேக். சரியா வரலைன்னா நான் சொன்னதுதான்."

சுவரோரம் சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, என் வயலினை அதன் மேல் ஊன்றினேன். அதுவரை இருந்த படபடப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சோக ராகமான சுபபந்துவராளியில் நாலு இழை இழுத்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. வயலினைத் தாங்கும் கவலை இல்லாததால் என் முகம் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. கீழ்ப் படியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டதும் சட்டென்று வில்லை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அது சீன் பேப்பரில் இல்லாதது. நிஜமாகவே ஸ்பாட் பாய் யாரோ டிபன் எடுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறான்.

"கட். ஓகே." பாராட்டெல்லாம் இல்லை. ரித்திகாவைப் பார்த்து, "பாண்டே ஜிக்கு இன்னிக்குப் பேட்டாவைக் குடுத்து அனுப்பிடு" என்றார்.

பாண்டே ஜி எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் வைத்தார். ஒன்று மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது, சோப்பு போட்டுத்தான் கழற்றவேண்டி வந்தது.

"உங்களோடதுதான் மகளே, வாங்கிக்கங்க" என்றார்.

4. பிறகு

நைனா கனடா போகவில்லை. அந்த சீரியல் முடியும்வரை இருந்தாள்.

ஆனால் அன்றைக்குத் தப்பித்தேன் என்பதற்காக நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த சீனில் மேடை வரலாம், அங்கே ஒளிவதற்குச் சுவர் இருக்காது. பாண்டே ஜியிடமே போய், நின்று வாசிக்கக் கற்றுக்கொண்டேன். பதிலுக்கு அவர் என்னிடம் கமகம் கேட்டு வாங்கிக்கொண்டார். எதிர்பார்த்தபடி மேடை சீனும் வந்தது. பெருமையாக நின்றேன். மல்ஹோத்ரா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் நிக்கிற? நைனா உக்காந்துதான் வாசிப்பா, ஜனங்களுக்கு அதுதான் புடிச்சிருக்கு!" நடு மேடையில் எனக்காக ஜமக்காளம் விரித்து வைத்திருந்தார்கள்.

கற்றது வீண் போகவில்லை. இன்று பாண்டே ஜியும் நானும் ஒரு சின்ன இசைக்குழு நடத்துகிறோம். பாதிப் பாட்டுக்கு நிற்கிறேன், பாதிக்கு உட்காருகிறேன்.

புதிதாக நடிக்க வரும் பிள்ளைகளே, ஆடிஷனில் தெரிந்ததைத் தெரியும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வராத ஒன்றைச் செய்யச் சொன்னால் கெஞ்சாதீர்கள். சீன் பேப்பரை இன்னொரு முறை படியுங்கள். அந்தப் பாத்திரத்தின் பக்கம் நின்று பேசினால் எந்த டைரக்டரும் காது கொடுப்பார்.

அந்த மொட்டை மாடி எபிசோட் டிவியில் வந்தபோது அம்மா குக்கரை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒருவழியா பஸ்ஸுல எடம் கெடச்சிட்டு, என்னட்டி?"

டீச்சர் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.