ஹேண்டிலில் தொங்கிய ஹெல்மெட்

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதற்கும் பயப்படுபவன். மறைமலை நகரில் வேலை முடிந்து வரும் மனைவிக்காக, இன்னொரு ஹெல்மெட்டை பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போவேன். அன்று ஜி.எஸ்.டி. சாலையில் யூ-டர்ன் எடுக்கும்போது, அது டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. ஹேண்டில் திரும்பவில்லை. வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. வந்த லாரி ஒரு முழ தூரத்தில் பிரேக் அடித்தது.

"இன்னாண்ணா, மாட்டுக்கு மணி கட்டுற மாரி கட்டிகினு வர்றே!" என்று கத்தினார் டிரைவர்.

மனைவியிடம் சொன்னேன். "என் தலையக் காப்பாத்த உங்க தலையக் குடுக்கப் பாத்தீங்களே!" என்று அழுதாள்.

இப்போது அந்த ஹெல்மெட்டைப் பின்சீட்டில் வைத்து, பின்கம்பியில் அதன் வாரை மாட்டிப் பூட்டுகிறேன். கிளம்பும்முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திருப்பத்தில் இப்போது எனக்குப் பயமில்லை.