மூன்றாக மடித்த தாள்

பெட்டியைத் திறந்ததும் வெர்டெல் டிக்ஸ் முதலில் மோந்து பார்ப்பார். பூஞ்சையா, எலியா, வெறும் வயோதிகமா என்று மூக்கே சொல்லிவிடும். கண்ணாடி அதற்குப் பிறகுதான். தாள்களில் குத்தியிருக்கும் துருவேறிய குண்டூசிகளை மெல்லிய தகட்டால் நெம்பி எடுத்து ஊறுகாய் ஜாடியில் போடுவார். இது இந்த வருஷத்தின் இரண்டாவது ஜாடி.

எங்கள் அலபாமா ஊரின் ஆவணக் காப்பகத்தில் நான்கு வருடமாக அவர் வரிசைப்படுத்துவது செனட்டர் லெமுவல் ஹார்க்னஸின் காகிதங்கள், முப்பத்தெட்டுப் பெட்டி. அடிமைமுறையைக் காப்பாற்ற வாஷிங்டனில் மூன்று மணி நேரம் பேசிய மனிதர் அவர். அவருடைய பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர் வெர்டெல். ஆளைச் சற்றும் பிடிக்காது. ஆனால் ஆளுடைய சலவைச் சீட்டின் ஓரம் கிழிந்தாலும் பதறிப்போவார்.

“கடைஞ்செடுத்த பொய்யன். ஆனா ஒரு துண்டுத் தாளக்கூட தூக்கி எறிஞ்சதில்ல, மகராசன்” என்பார்.

கையெழுத்தைப் பார்த்தே செனட்டருக்கு அன்று மூட்டுவலியா, தேர்தல் பயமா என்று சொல்வார். எழுத்து புரியாவிட்டால் செத்தவரிடமே சண்டை. “பேனா முனையச் சீவிட்டு எழுதுனா என்னய்யா குறைஞ்சிரும் உனக்கு?” உள்ளே தின்பண்டம் கூடாதென்பதால், வறுத்த கெளுத்தி மீனைக் காரில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கைகழுவி வருவார்.

காகிதங்களைக் கொடுத்தபோது செனட்டரின் குடும்பம் ஒரு நிபந்தனை எழுதி வாங்கியிருந்தது: அலுவலகக் காகிதங்கள் காப்பகத்துக்கு, சொந்தக் காகிதங்கள் வீட்டுக்கு. போன மாதம் பேத்தி வழிவந்த திருமதி கேரலைன் தன் பங்கை எடுத்துப்போக வந்தார். மனைவிக்கு எழுதிய கடிதங்களோடு இன்னொரு தாளையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அதில் நாற்பத்துமூன்று அடிமைகளின் பெயர், வயது, தாயின் பெயர்.

அதே தாளுக்காகத்தான் அன்று காலையிலிருந்து கடைசி மேசையில் ஐசம் பூன் காத்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தன் கொள்ளுத்தாத்தா எசேக்கியேலைப் பெற்றவள் யார் என்று பதினொரு வருடமாகத் தேடுகிறார். வேறெந்தக் காகிதத்திலும் இல்லை.

“வீட்டு ஆளுங்க பட்டியல்தானே, மிஸ் வெர்டெல். எங்க குடும்ப விஷயம்” என்றார் கேரலைன், மரியாதையாகவே.

“உங்களதா இல்லையான்னு நான் யாரு சொல்ல, தாயி? செனட்டரையே கேட்டுருவோம்.”

வெர்டெல் நான்கு பெட்டிகளை எடுத்துவந்தார். செனட்டர் அடிப்படையில் வக்கீல். அலுவலகக் காகிதம் எதுவானாலும் மூன்றாக மடித்து, வெளிமடிப்பில் தேதியும் விஷயமும் ஒரு வரி எழுதிவைப்பார். மனைவிக்கு எழுதியதை மட்டும் கைபோன போக்கில் மடிப்பார். வெளியே எதுவும் எழுதமாட்டார்.

“இதுக்கு மாறா ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, நானே உங்க கார் வரைக்கும் தூக்கிட்டு வர்றேன்.”

கேரலைன் அரைமணி நேரம் தேடினார். நேர்மையாகத்தான் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு வெர்டெல் அந்தப் பட்டியலைப் புரட்டினார். சீராக மூன்று மடிப்பு. வெளியே செனட்டரின் கையெழுத்து: ‘மார்ச் 1858. அண்ணனுடன் பாகப்பிரிவினை வழக்கு.’

மனிதர்களைச் சொத்தாகப் பிரித்துக்கொள்ள எழுதிய தாள் அது. அதனாலேயே குடும்பத்துக்குப் போக முடியாத தாளும் ஆயிற்று.

“அவரே ஆபீஸ் காகிதம்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. செனட்டர் பேச்ச மீற எனக்கு அதிகாரம் ஏது?”

கேரலைன் பட்டியலை வெர்டெல் பக்கம் நகர்த்தினார். கடிதக் கட்டுக்கு மட்டும் கையெழுத்திட்டுப் புறப்பட்டார்.

வெர்டெல் தாளைக் கடைசி மேசைக்குக் கொண்டுபோய் விரித்தார். பூனின் விரல் மேலிருந்து இறங்கி, பத்தொன்பதாவது வரியில் நின்றது.

“எசேக்கியேல். வயசு மூணு. தாயார் ஜூனோ.”

மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பழைய மடிப்புகள் எழும்பி எழும்பி வந்தன. வெர்டெல் இரண்டு உள்ளங்கைகளாலும் தாளின் ஓரங்களை அழுத்திப் பிடித்தபடி, அவர் படித்து முடிக்கும்வரை குனிந்தே நின்றார்.