அக்கா, மச்சான், ஒரு நடுங்கும் கார்

போன வாரம் திண்டுக்கல்லில் என் அக்கா மகள் ஜான்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன். தாயும் சேயும் நலம்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி. முடியவில்லை. காரணம், ஒரு கார்.

அக்கா பெயர் லூர்துமேரி. மச்சான் சவரிமுத்து. சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார்கள். போன வருடம் மச்சான் யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கி வந்துவிட்டார். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்த வயதில் எந்தக் கம்பெனி காரும் அப்படித்தான் இருக்கும். சாவியைத் திருப்பினால் முதலில் பானெட் ஆடும். பிறகு கண்ணாடி. பிறகு நாம். கியர் ராடு யாரும் தொடாமலே தலையாட்டிக்கொண்டிருக்கும்.

"வியாழக்கெழம டிஸ்சார்ஜ். எம் பொண்ணு எங் கார்லதான் வீட்டுக்கு வருவா" என்றார் மச்சான்.

"வயித்துல தையலோட இருக்கா. அந்த ஆட்டம் போடுற வண்டியில எம் பிள்ளைய ஏத்த விடமாட்டேன். வாடகைக்கு நல்ல வண்டியாப் பாருங்க" என்றாள் அக்கா.

பேச்சு அத்தோடு நின்றது. நிஜமாகவே நின்றது! குழந்தையைப் பார்க்கச் சென்னையிலிருந்து நான் போய் இறங்கியபோது, வீட்டில் இருவருக்கும் நடுவில் ஒரு தபால்காரன் தேவைப்பட்டான். ஆஸ்பத்திரியில் ஜான்சிக்குத் துணையாக அவள் மாமியார் இருந்தார். சமைத்து எடுத்துப்போக அக்கா காலையில் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"தம்பி, இட்லி வச்சிருக்கேன். சாப்பிட வரச் சொல்லு அவுகள."

"மாப்ள, எனக்குப் பசிக்கலன்னு சொல்லுங்க உங்க அக்காட்ட."

மூவரும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

மச்சானும் சும்மா இருக்கவில்லை. செம்பட்டியில் ஜமால் பாய் ஒர்க்‌ஷாப்பில் காட்டி டீசலைப் பீய்ச்சும் நாஸிலைக் கழற்றிச் சுத்தம் பண்ணியிருந்தார். திண்டுக்கல்லில் நாலு வீலுக்கும் பேலன்ஸிங் பார்த்திருந்தார். நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. சொல்லப்போனால், சுத்தம் பண்ணிய தெம்பில் கொஞ்சம் கூடியிருந்தது.

புதன்கிழமை காலை அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"தம்பி, நான் பின்சீட்ல உக்காருறேன். ஓட்டச் சொல்லு. ஜான்சிக்கு எப்படி இருக்கும்னு நானே பாத்துக்கிடுறேன்."

ஒரு துணிப்பையில் மூன்று கிலோ அரிசியைப் போட்டு, பூத்துவாலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். பேத்தியின் எடை! வயிற்றுக்கு மேல் ஒரு தலையணை. பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். நான் முன்னால், மச்சானுக்குப் பக்கத்தில்.

வத்தலக்குண்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். மச்சான் ரோட்டைப் பார்த்தார். அக்கா அரிசியைப் பார்த்தாள்.

"தம்பி, இது ரோட்டுக் குலுக்கல் இல்ல. நிக்கிறப்பவும் இருக்கு. போறப்பவும் இருக்கு. கியர் மாத்துறப்ப எங் காலுக்கடியில டொக்குனு ஒண்ணு இடிக்குது. அவுகளுக்குக் கேக்குதான்னு கேளு."

மச்சானுக்குக் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தே பழகியவருக்குக் கையில் வருவதுதான் நடுக்கம். காலுக்கடியில் வருவது பின்னால் உட்கார்ந்தவருக்குத்தானே தெரியும்? ஆனால் அவர் முகம் மாறியது. காலி ரோடாகப் பார்த்து, ஓடும்போதே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி அதே வேகத்தில் உருண்டது. நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மறுபடி கியரில் போட்டார். டொக்! நடுக்கம் திரும்பி வந்தது.

"அப்ப வீல் இல்ல மாப்ள. வீலா இருந்தா நியூட்ரல்லயும் ஆடணுமே" என்றார். என்னிடம்தான் சொன்னார். சத்தம் மட்டும் பின்சீட்டுக்குப் போகும் அளவு இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஜமால் பாய்க்குப் போன் போட்டோம். செல்போன் என்னுடையது. அந்த வீட்டில் அதற்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மொட்டை மாடி. அதிலும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான். ஆகவே நான் மேலே. அவர்கள் இருவரும் கார் நிற்கும் வாசலில்.

நடந்ததைச் சொன்னேன். பாய் கொஞ்சம் யோசித்தார்.

"அன்னைக்கு நான் வண்டியச் சும்மா நிப்பாட்டி வச்சுத்தான் பாத்தேன் சார். லோடு குடுத்து, இழுக்க விட்டுப் பாக்கல. இப்ப பானெட்டத் தெறங்க. வீலுக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் நல்லா மிதிக்கணும். ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச லேசா, ரொம்ப லேசா விடச் சொல்லுங்க. ஒராளு இன்ஜினையே பாக்கணும். வண்டிக்கு முன்னால நிக்க வேணாம், ஓரமா நிக்கணும்."

மேலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தினேன். மச்சான் கல் வைத்துவிட்டு உள்ளே ஏறினார். அக்கா ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். திறந்த பானெட் இருவருக்கும் நடுவில் தட்டி கட்டியது போல நின்றது. அவருக்கு இன்ஜின் தெரியாது. அவளுக்கு அவர் தெரிய மாட்டார்.

என்னால் ஒரே நேரத்தில் பாய்க்கும் காது கொடுத்து, கீழேயும் தூது போக முடியுமா?

கிளட்ச் விடப்பட்டது. கார் முன்னால் போக நினைத்து, முடியாமல், பின்பக்கம் கொஞ்சம் பதிந்தது.

"ஏங்க! எந்திரிக்குதுங்க... இன்ஜின் எந்திரிக்குதுங்க!"

"எந்தப் பக்கம்டி?"

"உங்க பக்கந்தாங்க! நாலு விரக்கட உசரம் வருது. விடுங்க, விடுங்க... இப்ப படுத்துருச்சு."

"மறுபடி விடுறேன், நல்லாப் பாரு. அடியில ரப்பரு தெரியுதா?"

"தெரியுது. வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

இருவருக்கும் தாங்கள் பேசுகிறோம் என்பதே தெரியவில்லை. நான் மூச்சுக் காட்டாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்ஜின் அணைந்தது. பானெட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"இதுக்குத்தான் வேணாம்னேன். ஜான்சி பொறந்தப்ப என்னைய பஸ்ஸுல கூட்டியாந்தீக. இதே தையலு. திண்டுக்கல்லுலருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். உங்களுக்கென்ன தெரியும்?"

அந்தப் பக்கமிருந்து மச்சானின் குரல் வந்தது.

"தெரியும்டி. நீ உதட்டக் கடிச்சுக்கிட்டு வந்தத நான் பாத்துக்கிட்டேதான வந்தேன். எம் பொண்ணு இப்படி வரக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சேன். காரு வாங்குனதே அதுக்குத்தான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? கார்னு சொன்னதும் கத்துன."

காதில் ஜமால் பாய். "ஹலோ... ஹலோ... சார், இன்ஜின் எந்திரிக்குதா இல்லையா?"

"எந்திரிக்குது பாய். செத்த நேரம் லைன்ல இருங்க" என்றேன். கீழே பானெட்டை மூடுகிற சத்தம் கேட்கும்வரை நான் எட்டிப் பார்க்கவில்லை.

பல வருடம் சேர்ந்து வாழ்ந்த புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கவனித்திருக்கிறீர்களா? முக்கால்வாசி நேரம் இருவரும் ஒரே கட்சியில்தான் இருப்பார்கள். அது தெரியாததால்தான் அத்தனை சத்தம்.

அன்று மத்தியானமே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு செம்பட்டி போனோம். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இரும்பை விட்டுப் பிய்ந்து, ஆயில் குடித்து, ஊறிய சோப்பு மாதிரி இருந்தது. கியர்பாக்ஸைத் தாங்குகிற ரப்பரும் கிழிந்திருந்தது. அக்காவின் காலை இடித்தது அதுதான்.

"டீசல் இன்ஜின்னா ஆடத்தான் சார் செய்யும். அந்த ஆட்டத்த ரப்பருதான் வாங்கிக்கிடணும். ரப்பரு போச்சுன்னா அம்புட்டும் ஆளுக்கு வந்துரும்" என்றார் பாய். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்.

அக்கா அப்போதும் லேசில் விடவில்லை. மறுபடி தலையணை, மறுபடி அரிசி, மறுபடி வத்தலக்குண்டு ரோடு. இறங்கும்போது, "பரவாயில்லங்க" என்றாள். மச்சான் என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். சந்தோஷமாம்!

வியாழக்கிழமை ஜான்சி வந்தாள். பின்சீட்டில் அக்கா தோளில் சாய்ந்தபடி, செம்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். பேத்தி அக்கா மடியில். மச்சான் காரை ஓட்டினார் என்று சொல்ல முடியாது. ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு மாட்டு வண்டி எங்களை ஓவர்டேக் செய்தது. அதற்கும் வழிவிட்டுக் கையாட்டினார்.

வாசலில் கார் நின்றது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அணைக்கலியா மச்சான்?"

"டீசல் வண்டி மாப்ள. அணைக்கிறப்ப ஒரு குலுக்கு குலுக்கும். பிள்ளைக ரெண்டும் தூங்குதுக... எந்திரிக்கட்டும்."

ஆரத்தித் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களை வாயில் விரல் வைத்து வாசற்படியிலேயே நிறுத்தினார். தட்டில் சூடம் எரிந்து அணைந்தது. நாங்கள் யாரும் இறங்கவில்லை. பின்சீட்டில் ஜான்சியும் அவள் மகளும் ஒரே மாதிரி வாயைத் திறந்து தூங்கினார்கள்.

வீட்டில் ஒரு லைட் வீணாக எரிந்தாலே ஊரைக் கூட்டுகிற என் அக்கா, டீசல் வீணாகிறதே என்று அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை!