குருமீரோ

ஒரேத்தோ முதியோர் இல்லத்தில் எங்கள் ஓய்வு நாளைப் பறித்தார்கள். எல்லோரும் வேலைநிறுத்தம் செய்து வாசலில் நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன். வேலை போனால் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியை, என் பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க முடியாது.

நான் பராமரிக்கும் கிழவர் இளமையில் பெல்ஜியத்தில் நிலக்கரி வெட்டியவர். அங்கே முன்பு போர்க்கைதிகளை அடைத்த தகரக் கொட்டிலில் குளிரில் கிடந்து, அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர். சூப்பை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டு, "குருமீரோ!" என்றார். கடையில் அந்தப் பெயரில் ஒரு பிஸ்கட் உண்டு. கொண்டுவந்து கொடுத்தேன். என் முகத்திலேயே எறிந்தார்.

ஜன்னலைத் திறந்து வேலைநிறுத்தக்காரரோடு வாசலில் நின்ற எங்கள் ஊர் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, கிழவர் குருமீரோ எண்டு கத்துறார், அப்பிடியெண்டால் என்ன?"

"உங்கடை வீட்டிலை பள்ளிக்கூடம் கண்ட ஒரே ஆள் நீதானே, தெரியாதோ? கருங்காலியடா! நாங்கள் சொல்ல இருந்ததை அந்தாள் சொல்லிப்போட்டுது."

"பெர்மெஸ்ஸோ நீங்களோ தருவியள்?"

"எங்களுக்கு மட்டும் அது வேண்டாமோ? நாங்கள் வெளியிலை நிக்கேல்லையோ?"

ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். கிழவர் கதவைக் காட்டி, "ஃபுவோரி!" என்று கத்தினார். வெளியே போ என்ற அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் போகவில்லை.