ஒற்றைக் காதுப் பூனை வெளிநாடு போன கதை

எங்கள் பூனைக்கு ஒரு காதுதான். இன்னொன்றை ஏதோ தெருச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு வந்து, விற்பனைக்கு அடுக்கியிருந்த விரிப்புகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. விரட்டினால் அடுத்த அடுக்குக்கு மாறிப் படுக்கும். மைசூருக்கு யோகா படிக்க வரும் வெளிநாட்டவர்களுக்குப் பருத்தி விரிப்பு விற்பதுதான் எனக்கும் என் கணவருக்கும் தொழில். எங்கள் கொள்ளேகால் பக்கத்தில் அதை ஜமக்காளம் என்போம். யோகா விரிப்பு என்றால் விலை கூடும் என்பதால் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

கடையின் பெயரைப் பதிவு செய்யப் போனபோது, கூடவே ஒரு படமும் இருந்தால் நல்லது என்றார்கள். கூரியர் உறையின் பின்பக்கம் அந்தப் பூனையை வரைந்து கொடுத்தேன். வால் கொஞ்சம் தடித்துவிட்டது. காது ஒன்றுதான், இருப்பதைத்தானே வரைய முடியும்? பெயரும் பூனையும் சேர்ந்து டிரேட்மார்க் ஆனது. நான் கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன்.

வியாபாரம் பெருகியதும் என் கணவருக்கு அழகுணர்ச்சி வந்துவிட்டது. பெங்களூரில் டிசைன் வேலை பார்க்கும் சித்தப்பா மகனிடம் படத்தைக் கொடுத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திருத்தி வாங்கினார். லேபிள் கட்டைப் பிரித்தால், ஒல்லி இடுப்போடும் இரண்டு காதுகளோடும் யாரோ ஒரு பூனை.

"பாதியில உட்ட படமாட்ட இருந்துது புள்ள, அதான்" என்றார்.

பாதியாம்! வந்த கோபத்தில் அதற்கு மேனாமினுக்கி என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு லேபிளையும் முணுமுணுத்துக்கொண்டேதான் தைத்தேன்.

பிறகு ஒருநாள் ஜெர்மனியிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் போட்டோ அனுப்பினார். அங்கே ஒரு கடையில் எங்கள் பெயர் போட்ட விரிப்பு. எங்கள் சரக்கு இல்லை. இந்தியாவில் செய்த பதிவு இந்தியாவோடு சரி. அங்கே அவர்கள் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டால் எங்கள் பெயரிலேயே எங்களால் விற்க முடியாமல் போகும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

டிரேட்மார்க் வேலை பார்க்கும் வக்கீலம்மாவிடம் ஓடினோம். பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போதும், இங்குள்ள அலுவலகம் வழியாகவே ஜெனீவாவிலுள்ள சர்வதேச அலுவலகத்துக்குப் போகும், அதன்பின் அந்தந்த நாடு தனித்தனியாகப் பார்த்து முடிவு சொல்லும் என்று விளக்கினார். என் கணவரின் முகம் தெளிந்தது. பையிலிருந்து மேனாமினுக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வக்கீலம்மா லேபிளையும் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்தார். "இது யாரு சார்? ரிஜிஸ்டர் ஆன பூனை இது இல்லையே."

"அதேதானுங்க மேடம், கொஞ்சம் நீட்டா பண்ணியிருக்கோம்."

"நீட்டெல்லாம் ஆகாது சார். இங்க எந்தப் படமோ, அங்கயும் அச்சா அதே படம்தான். ஒரு காது கூடினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மின்விசிறியைப் பார்த்துச் சமாளித்தேன்.

என் கணவர் விடவில்லை. "புதுப் படத்துக்கு இங்கயே புதுசா அப்ளை பண்ணுனா?"

"பண்ணலாம். அதை வச்சே வெளிநாட்டுக்கும் போடலாம். ஆனா முதல் அஞ்சு வருஷத்துல இங்க அது விழுந்தா, அங்கயும் சேர்ந்து விழும். பழசு இங்க ஏற்கெனவே நின்னுடுச்சு. முடிவு உங்களோடது."

என் சிரிப்பு நின்றது. அலமாரி நிறைய மேனாமினுக்கி லேபிள் இருந்தது. என் கணவர் புதுசு என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பூனை ஃபைலோடு முடங்கிவிடும். கேட்க வாய் வரை வந்தது, வீம்புக்குக் கேட்கவில்லை. அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன புள்ள, உன்ற பூனையவே அனுப்பிரலாமா?"

"வாலு தடியா இருக்குதுங்களே" என்றேன்.

"இருந்துட்டுப் போவுது."

ஒரே காதுள்ள பூனை என்று வக்கீலம்மா ஆங்கிலத்தில் தட்டி, வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஒவ்வொரு நாடாகப் பதில் வந்தது. ஜெர்மனி சரி என்ற அன்று மறுபடியும் கேசரி. பழைய பூனைக்கே புது லேபிள் அடிக்கக் கொடுத்தோம். அச்சகத்திலிருந்து போன் வந்தபோது நான் உள்ளே தைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு காது விட்டுப்போயிருக்கிறது, போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒந்தே கிவி, சாமி, ஒந்தே!" என்று வாசலில் என் கணவர் கன்னடத்தில் கத்தினார். ஒரே காதுதானாம். இன்னொன்று வைத்தால் அது எங்கள் பூனையே இல்லையாம். சந்தேகமிருந்தால் வரைந்தவர் உள்ளே இருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றபடி உள்ளே வந்தார்.

நான் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை வாங்கக் கை நீட்டினேன்.