மூன்றாம் நம்பர் மலையின் கங்காணி

கலஹாவிலிருந்து மேலே ஏறினால் வருகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மூன்றாம் நம்பர் மலையைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்டால் ஆபீஸ் புத்தகம் வீரையா கங்காணி என்று சொல்லும். புத்தகமும் பொய் சொல்லும். வீரையாவுக்கு முழங்கால் போய் ஏழு வருடம். அவர் பாறையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். யார் எந்த நிரை பிடிப்பது, எங்கே கொழுந்து முற்றப் போகிறது, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சரிவில்லாத இடம் எது என்று எல்லாவற்றையும் பார்த்துச் செய்தவள் பேச்சியம்மா. பதினான்கு வயதில் கூடை தூக்கியவள். இப்போது நாற்பத்தெட்டு. புருஷன் இல்லை, பயமும் இல்லை.

தொண்ணூற்றாறில் வீரையா ஓய்வு பெற்றார். அந்த வேலையைத் தனக்குத் தரவேண்டும், இத்தனை காலத்தில் தங்களில் ஒருத்திக்கும் தரவில்லை என்று மகளை விட்டு மனு எழுதவைத்து, பேச்சியம்மா ஆபீசுக்குப் போனாள். பெரிய கிளாக்கர் தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். நின்றவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஆருக்குக் குடுக்கேல்லை எண்டு சொல்லுறாய்? பொம்பிளையளுக்கோ? பிள்ளையளைப் பாக்கிற மடுவத்துக்குச் சீதாவைப் பொறுப்பாப் போட்டிருக்கு. தமிழ் ஆக்களுக்கோ? கங்காணிமார் எல்லாரும் தமிழர்தானே. ஒருதரையும் நாங்கள் ஒதுக்கேல்லை."

"சீதா நல்லவுங்கதான் ஐயா. ஆனா அவுங்க சிங்களம். கங்காணிமாரு தமிழுதான், அத்தனையும் ஆம்பளை. நான் பாதி இங்க பாதி அங்க நிக்கிறவ இல்லீங்க. தமிழச்சியா, பொம்பளையா, கூடை தூக்குனவளா ஒருத்தியக் காட்டுங்க. பேசாமப் போயிர்றேன்."

தியாகராஜா மனுவை வாங்கி மற்றக் கடுதாசிகளுக்கு அடியில் செருகினார்.

அங்கிருந்து சங்கத் தலைவர் கறுப்பையாவின் வீட்டுக்குப் போனாள். "மொதல்ல தொழிலாளி பிரச்சினை, பொறகுதான் பொம்பளை பிரச்சினை" என்றார் அவர்.

"சந்தா புடிக்கிறப்ப மட்டும் நாங்க தொழிலாளியா தலைவரே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கீழ் லயத்துக்காரி சொல்லி மேல் லயத்துப் பொம்பளைங்க வேலை செய்வாங்களா? சாதின்னு ஒன்னு இருக்குல்ல பேச்சி."

அதுதான் அவளைச் சுட்டது. பொய்யாக இருந்திருந்தால் சுட்டிருக்காது. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் வீரம்மா, இருபது வருடமாகப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள், முதல் நாள்தான் தண்ணி பிடிக்கிற பீலியில் எல்லாரும் கேட்கச் சொல்லியிருந்தாள்: "அவ வீட்டுல பச்சத்தண்ணி குடிக்காதவ நான். அவ காட்டுற நிரையில நிப்பேனா?" ஏழு வருடமாக நின்றது அவளுக்கு மறந்துபோயிற்று.

வேலை கறுப்பையாவின் மருமகனுக்குப் போனது. கொழும்பில் துணிக்கடையில் நின்று திரும்பியவன். கொழுந்துக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் தெரியாதவன். முதல் நாளே நாற்பது பெண்களை மூன்றாம் நம்பர் மலைக்கு ஏற்றினான். கங்காணி "பொலி, பொலி" என்று குரல் கொடுத்த பிறகே செடியில் கை வைப்பது வழக்கம். அவனும் கொடுத்தான். பேச்சியம்மா கையைக் கட்டிக்கொண்டாள்.

"நேத்து மத்தியானம் மருந்தடிச்ச மலை இது. ஒருத்தியும் கை வைக்காதீங்க. அஞ்சாம் நம்பருக்கு ஏறுங்க."

"இங்க யாரு கங்காணி?" என்று கத்தினான் அவன்.

வீரம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளி மூக்கில் வைத்தாள், முகத்தைச் சுளித்து எறிந்தாள். பக்கத்தில் ஆறு மாத வயிற்றோடு அவளுடைய மகள் நின்றாள். வீரம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதல் ஆளாக அஞ்சாம் நம்பருக்கு ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். அங்கே பேச்சியம்மாதான் பொலி சொன்னாள். மலை முழுக்கக் கேட்டது.

மத்தியானம் தியாகராஜா ஏறி வந்தார், மூச்சிரைக்க. "சரி, மலையை நீ பார். பேர் மட்டும் அவன்ட பேரில கிடக்கட்டும்."

"பேரில்லாம ஏழு வருஷம் பாத்தாச்சு ஐயா. இனிப் பேரோடதான்" என்று கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். மறுநாளும் யாரும் பறிக்கவில்லை. கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. மூன்று நாளில் முற்றத் தொடங்கியது. நாலாம் நாள் விடியலில், ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர்களை மலை மலையாகப் பிரிக்கும்போது, தியாகராஜா தொண்டையைச் செருமி வாசித்தார்: "மூண்டாம் நம்பர். கங்காணி பேச்சியம்மா." அவளுக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வீரம்மா அவளிடம் வந்தாள். "மலையில ஒன் பேச்சக் கேப்பேன். அதுக்காக ஒங்கிட்டத் தண்ணி குடிப்பேன்னு நெனைக்காத."

பேச்சியம்மா போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். "நான் பறிச்ச கொழுந்தச் சீமையில தொரைமாரு குடிக்கிறாங்க. ஒனக்கு மட்டும் என்னடி?"

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் வீரம்மா மூடியை வெடுக்கென்று வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

"சீனி பத்தல."

"அப்ப நாளைக்கு ஒன் வீட்டுத் தேத்தண்ணியக் கொண்டா" என்றாள் பேச்சியம்மா. "நான் குடிக்கிறேன்."